திரையில் சுழலும் பூமி: பேத்திக்குச் சொன்ன கணக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐரோலியில் எங்கள் வீட்டு பால்கனியில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, பூமி உல்டா சுத்துது, பாருங்க!" என்றாள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, கணினித் திரையில் உலக உருண்டை ஒன்று சுழலும்படி பைத்தான் மொழியில் நிரல் எழுத வேண்டும். எங்கிருந்தோ ஒரு நிரலைப் பிரதி எடுத்து, அங்கங்கே மாற்றி வைத்திருந்தாள். உருண்டை சுழன்றது, ஆனால் தலைகீழ்த் திசையில். அதோடு, ஓடவிட்டுவிட்டு அவள் பல் தேய்த்து வருவதற்குள் பூமி வெயிலில் வைத்த எலுமிச்சம்பழம் போலச் சிறுத்தும் போயிருந்தது. இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்தது. "இந்த வரியில் கொசைன் எதற்கு வந்தது?" என்று ஆசிரியை கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டாளாம். "எனக்கு மேத்ஸ் வராது தாத்தா, வேற ப்ராஜெக்ட் எடுத்துக்கறேன்" என்றாள்.

எனக்குக் கணினி அதிகம் தெரியாது. டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளமும் பாலமுமாகக் காலம் கழித்தவன். ஆனால் திரையில் ஓடுவது என்ன கணக்கு என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வளைவுகளில் முளை அடிக்க நாங்கள் போட்ட கணக்கின் உடன்பிறப்புதான் அது. அன்று அவளுக்குச் சொன்னதை நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், அவர்கள் பக்கத்தில் உட்காரும் பெற்றோருக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

உருண்டை இல்லை, பட்டியல்தான்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கணினிக்குள் உருண்டை எதுவும் இல்லை. இருப்பது எண்களின் பட்டியல் மட்டுமே. பூமியின் மேல் சில ஆயிரம் புள்ளிகளை எடுத்துக்கொள்கிறோம். முதல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் திரையில் எங்கே இருக்க வேண்டும், இரண்டாவது படத்தில் எங்கே, மூன்றாவதில் எங்கே என்று எழுதிக்கொண்டே போகிறோம். இந்த இட எண்களுக்குப் பள்ளிப் புத்தகத்தில் ஆயத்தொலைகள் என்று பெயர். படங்களை வேகமாக அடுத்தடுத்துக் காட்டினால் நம் கண் அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறது.

ஒரு முழுச் சுற்று 360 பாகை. படத்துக்கு 5 பாகை திருப்பினால் 72 படங்கள். நொடிக்கு 12 படம் காட்டினால் 6 நொடியில் பூமி ஒரு சுற்றுச் சுற்றிவிடும். உண்மைப் பூமி 24 மணி நேரத்தில் சுற்றுகிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம், நம் ஒரு படத்துக்கு 20 நிமிடம் என்று கணக்கு.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. படங்களை 0 முதல் 71 வரைதான் எண்ண வேண்டும். 72ஆம் படமும் 0ஆம் படமும் ஒன்றே. இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பூமி ஒரு கணம் திக்கி நிற்கும்.

மூன்று வரிக் கணக்கு

பூமியில் ஓர் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கு என்பது அட்சம். கிரீனிச்சிலிருந்து எவ்வளவு கிழக்கு என்பது தீர்க்கம். தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி போட வேண்டும். ஐரோலிக்கு அட்சம் 19.15, தீர்க்கம் ஏறத்தாழ 73.

திரையில் நம் உருண்டையின் ஆரம் 100 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். படத்தின் நடுவில் எந்தத் தீர்க்கம் இருக்கிறதோ அது நடுத்தீர்க்கம். ஊரின் தீர்க்கத்திலிருந்து நடுத்தீர்க்கத்தைக் கழித்தால் வருவது விலகல் கோணம். இனிக் கணக்கு இவ்வளவுதான்:

கிடை = 100 × கொசைன்(அட்சம்) × சைன்(விலகல்)
உயரம் = 100 × சைன்(அட்சம்)
ஆழம் = 100 × கொசைன்(அட்சம்) × கொசைன்(விலகல்)

நடுவிலிருந்து வலப்பக்கம் எவ்வளவு என்பது கிடை. மேலே எவ்வளவு என்பது உயரம். நம்மை நோக்கி எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது ஆழம். ஆழம் கழித்தல் எண்ணாக வந்தால் அந்த ஊர் உருண்டையின் பின்பக்கம் போய்விட்டது, அதை வரையக் கூடாது.

ஆசிரியை கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்காக வட்ட வட்டமாக நறுக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள வில்லை பெரியது, மேலே போகப் போகச் சிறியது. எவ்வளவு சிறியது என்று சொல்வதுதான் கொசைன். 60 பாகை அட்சத்தில் வட்டம் சரிபாதியாகிவிடும். ஐரோலியில் அது நிலநடுக்கோட்டு வட்டத்தில் 0.945 பங்கு. நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. என்றால், நம் ஊர் ஒரு நாளில் சுற்றி வருவது சுமார் 37,900 கி.மீ. அதாவது மணிக்கு ஏறக்குறைய 1,580 கி.மீ. வேகம்! ராஜதானி வண்டி 130 கி.மீ. வேகத்தில் போனாலே நாம் வாய் பிளக்கிறோம்.

பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கிடை, உயரம், ஆழம் என்று நான் சொன்னதை என் பேத்தி அப்படியே நிரலில் எழுதினாள். தமிழ் எழுத்துகளைத் தடவித் தடவி அவள் தட்டெழுதியதைப் பார்த்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோலியின் பயணம்

சூத்திரத்தை நம்புவதற்கு முன் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 0ஆம் படத்தில் ஐரோலி நடுவில் இருக்கட்டும். அதற்குப் பின் ஒவ்வொரு ஆறாவது படத்துக்கும், அதாவது 30 பாகைக்கு ஒருமுறை, நாங்கள் காகிதத்தில் போட்ட கணக்கு இது:

படம் 0: கிடை 0, உயரம் 32.8, ஆழம் 94.5
படம் 6: கிடை 47.2, உயரம் 32.8, ஆழம் 81.8
படம் 12: கிடை 81.8, உயரம் 32.8, ஆழம் 47.2
படம் 18: கிடை 94.5, உயரம் 32.8, ஆழம் 0
படம் 24: கிடை 81.8, உயரம் 32.8, ஆழம் −47.2

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. உயரம் மாறவே இல்லை. ஊர் தன் அட்ச வட்டத்திலேயே ஓடுகிறது. 18ஆம் படத்தில் ஊர் உருண்டையின் விளிம்பைத் தொடுகிறது. 24ஆம் படத்தில் மறைந்துவிட்டது. மூன்றாவது, கிடை எண் ஏறும் விதம். கோணம் ஒரே அளவாக 30, 30 என்று ஏறினாலும் ஊர் நகரும் தூரம் 47.2, பிறகு 34.6, பிறகு 12.7 என்று குறைந்துகொண்டே போகிறது. நடுவில் ஓட்டம், ஓரத்தில் நடை. தட்டையான திரையில் நம் கண் உருண்டையைக் காண்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டால்தான். எல்லாப் புள்ளிகளையும் சம தூரம் நகர்த்தினால் அது உருண்டையாகத் தெரியாது, சுவரில் நகரும் தேசப்படமாகத்தான் தெரியும்.

பூமி ஏன் உல்டாவாகச் சுற்றியது?

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறது. வடக்கு மேலே இருக்கும்படி பார்த்தால் கிழக்கு நம் வலக்கை. ஆகவே நமக்கு எதிரே உள்ள ஊர்கள் இடமிருந்து வலமாக நகர வேண்டும். அதற்கு நடுத்தீர்க்கம் படத்துக்குப் படம் 5 பாகை குறைய வேண்டும். பேத்தியின் நிரலில் அது கூடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறிதான். கூட்டலைக் கழித்தலாக மாற்றியதும் பூமி நேராகிவிட்டது.

சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சூரியன் திரைக்கு வலப்பக்கம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உருண்டையின் வலப்பாதி பகல், இடப்பாதி இரவு. ஊர்கள் இருட்டிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி வெளிச்சத்துக்குள் வர வேண்டும். சென்னையின் தீர்க்கம் 80.27. ஐரோலியைவிட ஏழே கால் பாகை கிழக்கு. எனவே சென்னை முதலில் நடுக்கோட்டைத் தாண்டும்; ஏறக்குறைய ஒன்றரைப் படம் கழித்து ஐரோலி தாண்டும். படத்துக்கு 20 நிமிடம் என்றால் இது அரை மணி நேரம்.

இந்த அரை மணி வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1906இல் இந்தியப் பொதுநேரம் வருவதற்கு முன் சென்னை நேரம், பம்பாய் நேரம் என்று தனித்தனியே இருந்தன. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் 30 நிமிடம். அன்றைய ரயில்கள் பெரும்பாலும் சென்னை நேரத்தையே பின்பற்றின. பம்பாய் நகரம் தன் நேரத்தை 1955 வரை விட்டுக்கொடுக்கவில்லை. ஊரில் ஒரு கடிகாரம், ஸ்டேஷனில் வேறு கடிகாரம் என்று மக்கள் பட்ட பாடு என் பேத்தியின் திரையில் ஒன்றரைப் படத்துக்குள் அடங்கிவிட்டது.

இதோடு இன்னும் இரண்டு இடங்களில் பிள்ளைகள் தவறுவார்கள். ஒன்று, கணினித் திரையில் வரிசைகளை மேலிருந்து கீழாக எண்ணுகிறார்கள். ஆகவே உயரத்தைக் கூட்டக் கூடாது, நடுவிலிருந்து கழிக்க வேண்டும். திரை 300க்கு 300 என்றால் நடு 150. ஐரோலியின் வரிசை 150 − 32.8, அதாவது 117. கூட்டிவிட்டால் கன்னியாகுமரி காஷ்மீருக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு, கணினி கோணத்தைப் பாகையில் எதிர்பார்ப்பதில்லை, ரேடியனில் கேட்கிறது. பாகையை 3.1416ஆல் பெருக்கி 180ஆல் வகுத்துக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் சைன் 30 என்று கேட்டால், அரை என்று வர வேண்டிய இடத்தில் −0.988 என்று வரும். பூமி கலைத்துப் போட்ட கோலமாகிவிடும்.

பூமி ஏன் சுருங்கியது?

இதுதான் அன்றைய முக்கியமான பாடம். அவள் பிரதி எடுத்த நிரல் ஒவ்வொரு படத்தையும் அட்சம், தீர்க்கத்திலிருந்து கணக்கிடவில்லை. முந்தைய படத்தின் எண்களை எடுத்து 5 பாகை திருப்பி அடுத்த படத்தைச் செய்தது. அதிலிருந்து மறுபடி அடுத்தது. அதிலும் கொசைன் 5 என்பதை 0.996 என்றும், சைன் 5 என்பதை 0.087 என்றும் மூன்று இலக்கத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஆரம் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு குறைகிறது. ஒரு சுற்று, 72 படம் முடிந்தால் 100ஆக இருந்த ஆரம் 98.5 ஆகிறது. பத்துச் சுற்றில் 86. திரும்பும் கோணமும் ஒரு சுற்றுக்கு அரைப் பாகைக்கு மேல் பின்தங்குகிறது. இன்றைய கணினிகள் பதினைந்து இலக்கம் வரை வைத்துக்கொண்டு கணக்கிடுவதால், முழு இலக்கங்களையும் கொடுத்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் படுவதற்கு நெடுங்காலம் ஆகியிருக்கும். ஆனால் பிழை சேரும் வழி அதேதான்.

இந்தப் பிழையை நான் உடம்பால் அனுபவித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வளைவுக்கு முளை அடிக்கச் சொன்னார்கள். தியோடலைட்டை நிறுத்தும் சிரமத்துக்குச் சோம்பல்பட்டு, ஒவ்வொரு முளையையும் முந்தைய இரண்டு முளைகளை வைத்து, நாண்கோட்டை நீட்டி, பக்கவாட்டில் அளந்து அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு முளையும் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. கடைசி முளை மட்டும் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மேலதிகாரி திட்டவில்லை. "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து வா" என்றார். உச்சி வெயிலில் பிடுங்கினோம்.

சரியான வழி ராங்கின் முறை. வளைவு தொடங்கும் புள்ளியில் தியோடலைட்டை நிறுத்தி, எல்லா முளைகளுக்கும் கோணத்தை அங்கிருந்தே பார்ப்பது. 875 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 20 மீட்டர் நாண் என்றால் முதல் முளைக்கு 39 நிமிடம் 17 விநாடி. இரண்டாவதற்கு 1 பாகை 18 நிமிடம் 35 விநாடி. மூன்றாவதற்கு 1 பாகை 57 நிமிடம் 52 விநாடி. ஒரு முளைக்குக் கோணம் பார்ப்பதில் தவறு நேர்ந்தாலும் அந்தத் தவறு அடுத்த முளையின் கோணத்துக்குத் தொற்றாது.

திரையிலும் அதையே செய்யச் சொன்னேன். படத்தின் எண்ணை 5ஆல் பெருக்கு. தொடக்க நடுத்தீர்க்கத்திலிருந்து அதைக் கழி. ஊரின் அசல் அட்சம், தீர்க்கத்தை எடுத்து மூன்று வரிக் கணக்கைப் புதிதாகப் போடு. முந்தைய படத்தைத் திரும்பிப் பார்க்காதே. அப்படி மாற்றி எழுதிய நிரலை அன்று முழுவதும் ஓடவிட்டோம். பூமி இம்மியும் சுருங்கவில்லை.

ஆரியபட்டரின் 3438

ராங்கின் முறையில் கோணத்தை நிமிடக் கணக்கில் பெற, நாணின் நீளத்தை 1718.9ஆல் பெருக்கி ஆரத்தால் வகுப்போம். இந்த எண்ணை ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. பேத்திக்குச் சைன் என்றால் என்ன என்று சொல்லப் புகுந்தபோதுதான் பிடிபட்டது.

ஆரியபட்டர் 499ஆம் ஆண்டு இயற்றிய ஆரியபட்டீயத்தில் சைன் பட்டியலுக்கான எண்கள் உள்ளன. 3¾ பாகைக்கு ஒன்றாக 24 எண்கள். அந்தப் பட்டியலுக்குரிய வட்டத்தின் ஆரம் 3438. ஏன் அந்த எண்? வட்டத்தில் 360 பாகை, பாகைக்கு 60 நிமிடம், ஆக 21,600 நிமிடம். சுற்றளவு 21,600 என்றால் ஆரம் ஏறக்குறைய 3438. அதில் பாதி 1719. அவர் பட்டியலில் 30 பாகைக்கு நிற்கும் எண்ணும் 1719தான். தண்டவாள வளைவுக்கு நாங்கள் பெருக்கிய எண்ணுக்கும் அதுவே வேர்.

அதே நூலில் ஆரியபட்டர் பூமியின் சுழற்சிக்கு ஓர் உவமையும் சொல்கிறார். ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதாகத் தோன்றுவது போல, நிலையாக உள்ள விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தோன்றுகின்றன என்பது அதன் கருத்து. உல்டாவாகத் தோன்றுவதைப் பற்றி அவரும் யோசித்திருக்கிறார் என்று சொன்னதும் பேத்தி சிரித்துவிட்டாள்.

கோடுகளும் கரைகளும்

ஊர்களை மட்டும் வைத்தால் பூமி ஆகாது. முதலில் 15 பாகைக்கு ஒன்றாகத் தீர்க்கக் கோடுகள் 24 போடலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். அட்சக் கோடுகள் 11. ஐந்து பாகைக்கு ஒரு புள்ளி என்று எடுத்தால் மொத்தம் 1,680 புள்ளிகள். 72 படங்களுக்கு 1,20,960 தடவை கணக்கு. லாகரிதம் புத்தகத்தோடு நாங்கள் உட்கார்ந்தால் வருடங்கள் ஆகும். கணினிக்குக் கண் இமைக்கும் நேரம்.

இங்கே ஒரு வேடிக்கை. 15 பாகை இடைவெளியுள்ள கோடுகளைப் படத்துக்கு 15 பாகை திருப்பினால் பூமி அசையாமல் நிற்பதாகத் தெரியும். ஒரு கோட்டின் இடத்துக்கு அடுத்த கோடு வந்துவிடுகிறதே! 10 பாகை திருப்பினால் பின்னோக்கிச் சுற்றுவதாகவே தெரியும். சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவது இதனால்தான். திருப்பும் அளவு, கோடுகளின் இடைவெளியில் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும்.

கடற்கரை வடிவங்களுக்கு 'நேச்சுரல் எர்த்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. 11 கோடியில் ஒரு பங்கு அளவில் உள்ள எளிய பட்டியலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் ஒன்று மறைந்த பக்கம் போனாலும் இரண்டையும் கோட்டால் இணைக்காதீர்கள். இணைத்தால் விளிம்பு ஓரத்தில் கரைக்கோடு கண்டபடி இழுபடும்.

பூமியைச் சற்று முன்பக்கம் சாய்த்துக் காட்ட வேண்டுமானால் இன்னும் இரண்டு வரி:

புது உயரம் = உயரம் × கொசைன்(சாய்வு) − ஆழம் × சைன்(சாய்வு)
புது ஆழம் = உயரம் × சைன்(சாய்வு) + ஆழம் × கொசைன்(சாய்வு)

சாய்வை 19.15 என்று கொடுத்தால் 0ஆம் படத்தில் ஐரோலி திரையின் நட்டநடுவில் வந்து நிற்கும். அப்படி நின்றால் கணக்கு சரி. தெரிந்த ஓர் ஊரை வைத்துச் சோதிக்காமல் எந்த நிரலையும் நம்பாதீர்கள். இன்று கேட்ட மாத்திரத்தில் கணினியே நிரலை எழுதிக் கொடுத்துவிடுகிறது. எழுதியது சரியா என்று பார்ப்பது இன்னும் நம் வேலைதான்.

நடுவில் எந்த ஊர்?

வேலை முடிந்ததும் அவள் ஒரு சிவப்புப் புள்ளியை ஐரோலியிலும், ஒரு பச்சைப் புள்ளியை எங்கள் திருநெல்வேலியிலும் வைத்தாள். அட்சம் 8.73, தீர்க்கம் 77.70. ஆரம் 100 உள்ள உருண்டையில் இரண்டுக்கும் இடையே 19 புள்ளிதான், என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் தூரம். மூட்டை முடிச்சோடு ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி ரயிலில் கடந்த தூரம் இது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் கடந்த தூரம்.

நானாக இருந்தால் 0ஆம் படத்தின் நடுவில் திருநெல்வேலியை வைத்திருப்பேன். அவள் ஐரோலியை வைத்தாள். முதலில் எனக்குச் சற்றுச் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். பிறந்து வளர்ந்த ஊரை அவள் நடுவில் வைத்திருக்கிறாள், நானும் அதையேதான் செய்திருப்பேன். எந்த ஊரை நடுவில் வைத்தாலும் கணக்கு மாறுவதில்லை. பச்சைப் புள்ளியை வைக்க வேண்டும் என்று அவளுக்காகத் தோன்றியதே, அது போதும்.

கண்காட்சி அன்று ஆசிரியை மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாராம். இவள் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாளாம். கத்தி கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால் பேனாவால் அதன் மேல் வட்டங்கள் போட்டுக் காட்டி விளக்கினாளாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பாருங்கள். சிங்கப்பூரில் மகன் இருந்தால் 1.35, 103.8. லண்டனில் மகள் இருந்தால் 51.5, 0. டொராண்டோ என்றால் 43.7, −79.4, மேற்கு என்பதால் கழித்தல் குறியை மறக்காதீர்கள். முதல் ஐந்து படங்களைப் பிள்ளைகள் காகிதத்தில் கையால் போடட்டும். மீதியைக் கணினி போடும்.